முகாமை விட்டு வந்த மாணவி: மூதூர் கிழக்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2017ஆம் ஆண்டின் முதலாந் தவணையில், இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர் கிழக்கிலுள்ள ஒரு பாடசாலையில் தரம் 10இல் கற்ற மாணவி ஒருத்தி, காலைக் கூட்டத்தில் நிற்கும்போது நான்கு தடவைகள் மயங்கி விழுந்தாள். நான்காவது தடவைக்குப் பின்னரே வகுப்பாசிரியை எங்களை அழைத்தார். அதற்குள் அவளைப் பற்றி மூன்று முடிவுகள் எட்டப்பட்டிருந்தன. பாடங்களில் பின்தங்கியதால் நடிக்கிறாள் என்று பாடசாலையில் சிலர் கருதினர். பற்றை மண்டிக் கிடந்த காணிக்குள் குடியேறியதால் ஏதோ பிடித்துவிட்டது என்று அவளுடைய அம்மம்மா நம்பினார். சிறு வயதில் ஷெல் வீச்சுக்குள் அகப்பட்ட பிள்ளை, ஆகவே இது போரின் மனவடு என்று, அவளை ஒரு தடவையேனும் சந்திக்காத நான் தொலைபேசியிலேயே எண்ணிக்கொண்டேன்.

நான் திருகோணமலை நகரிலிருந்து பணிபுரியும் உளசமூகப் பணியாளர். இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த மூன்றாவது முடிவைப் பற்றியது. போரினாலும் இடப்பெயர்வினாலும் பாதிக்கப்பட்ட வளரிளம் பருவத்தினருக்கு உதவச் செல்லும் நாங்கள், அவர்களின் துன்பத்தை அவர்கள் கடந்துவந்த சம்பவங்களிலேயே தேடப் பழகியிருக்கிறோம். இந்த மாணவியின் துன்பமோ பெரும்பகுதி அவள் எழுந்து, நடந்து, படுத்துறங்கிய அன்றாடத்தில் இருந்தது. அதைக் கண்டுகொள்ள எனக்கு ஆறு வாரங்கள் சென்றன. அவளும் அவளுடைய தாயாரும் சம்மதித்த பின்னரே இதை எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

வந்த வழி

2006ஆம் ஆண்டு ஜூலை மாதம் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதை அடுத்து இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மூண்ட சண்டை, ஓகஸ்ட் முதல் வாரத்தில் மூதூர் நகருக்குள் வந்தது. நகரத்து முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் இடம்பெயர்ந்தார்கள். சம்பூர்ப் பக்கத்துத் தமிழ் மக்கள் தெற்கே ஈச்சிலம்பற்றுக்கும் வெருகலுக்கும் நகர்ந்து, அங்கிருந்து ஆற்றைக் கடந்து வாகரைக்குப் போய், 2007 ஜனவரியில் வாகரையும் இராணுவத்தின் கைக்கு மாறியபோது மட்டக்களப்பு முகாம்களைச் சென்றடைந்தார்கள். சம்பூர் 2006 செப்டெம்பரில் இராணுவத்தின் வசமானது. அடுத்த ஆண்டு உயர்பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அனல்மின் நிலையத்துக்கென்றும் அங்கு நிலம் ஒதுக்கப்பட்டது. ஆகையால் ஈச்சிலம்பற்று மக்கள் 2007இல் வீடு திரும்பத் தொடங்கியபோதும், சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை ஆகிய இடங்களில் அமைந்த முகாம்களிலேயே தங்க நேர்ந்தது. இடைத்தங்கல் முகாம் என்றுதான் அவற்றுக்குப் பெயர். அந்த இடைத்தங்கல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீடித்தது. 2015இல் காணிகளின் ஒரு பகுதியும், 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த பகுதியும் விடுவிக்கப்பட்டபின் மக்கள் படிப்படியாகத் திரும்பினார்கள்.

ஓடத் தொடங்கியபோது மாணவிக்கு நான்கு வயது. வாகரையில் இருந்த நாட்களில், அரிசி தேடிப் போன தந்தை திரும்பி வரவில்லை. தாய், அம்மம்மா, இரண்டு வயது மூத்த அண்ணன், இவள் என நால்வராகக் கிளிவெட்டிக்கு வந்தார்கள். தகரத்தாலும் தறப்பாளாலும் ஆன கொட்டிலில் அவள் ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை வளர்ந்தாள். முகாமுக்கு அருகிலிருந்த பாடசாலையில்தான் அரிச்சுவடி படித்தாள். முகாமில்தான் பெரியபிள்ளையானாள், அந்தச் சடங்குக்கு, அவர்களுடைய வரிசையில் இருந்த கொட்டில்களின் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பலகாரம் சுட்டார்கள், யாரோ ஒருவர் தன் மகளின் கூறைச் சேலையைக் கொடுத்தார். 2016இல் குடும்பம் ஊர் திரும்பியபோது தாயும் அம்மம்மாவும் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு அழுதார்கள். அவளுக்கு அது முன்பின் அறியாத ஓர் ஊர்.

தாயார் எனக்குச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "முகாமில இருக்கக்குள்ள புள்ள நல்லா இருந்தா மிஸ். சொந்த ஊருக்கு வந்த புறகுதான் இப்பிடி." அந்த வாக்கியத்தில் விடை இருந்தது. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

ஒப்புவித்த கதை

இரண்டாவது சந்திப்பில் அவளிடம் 2006இல் நடந்ததைப் பற்றிக் கேட்டேன். வற்புறுத்தவில்லை, விரும்பினால் மட்டும் சொல்லலாம் என்றேன். அவள் உடனே சொல்லத் தொடங்கினாள். ஷெல் விழுந்தது, பங்கருக்குள் இருந்தோம், மாட்டு வண்டியில் போனோம், ஆற்றைத் தோணியில் கடந்தோம், அப்பா காணாமல் போனார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சமூகக்கல்வி பாடத்தை ஆசிரியர் கேட்கும்போது எழுந்து நின்று சொல்வதுபோல் இருந்தது. முடிந்ததும், "சரியா மிஸ்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டு அகலவில்லை. முகாமுக்குப் பல ஆண்டுகளாக வந்துபோன பலருக்கும் அவள் இதே கதையைச் சொல்லியிருந்தாள். ஒரு தடவை, வெளியிலிருந்து வந்த ஒரு திட்டத்தினர் பிள்ளைகளுக்கு வண்ணப்பென்சில்கள் கொடுத்து, போரில் கண்டதை வரையச் சொல்லி, வரைந்த படங்களை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பிறகு அவர்கள் வரவுமில்லை, படங்களும் திரும்பவில்லை. நான்கு வயதுப் பிள்ளையின் நினைவில் உண்மையில் எவ்வளவு இருந்தது, தாயும் அம்மம்மாவும் சொல்லச் சொல்லக் கேட்டதில் எவ்வளவு சேர்ந்தது என்பதை இனி எவரும் பிரித்தறிய முடியாது. ஆனால் வந்தவர்களுக்கு எந்தக் கதை வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருத்தியிடம் அதே கதையை நானும் கேட்டு வாங்கினேன். இதை என் தவறாகவே பதிவு செய்கிறேன்.

போரின் மனவடுவுக்கு நாம் எதிர்பார்க்கும் குறிகள் அவளிடம் குறைவாகவே இருந்தன. ஷெல் கனவுகள் இல்லை. சத்தங்களுக்குத் திடுக்கிடும் இயல்பு வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இல்லை. இருந்தவை வேறு: இரவில் உறங்க முடியாமை, காலையில் எழ மனமின்மை, பேச்சுக் குறைவு, நெஞ்சு படபடப்பு, கைவிரல்கள் விறைத்தல், பின் மயக்கம். சாக வேண்டும் என்று நினைத்ததுண்டா என்று நேரடியாகக் கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற அச்சம் பலருக்கு உண்டு, அது சரியல்ல. "சாக நினைக்கல்ல. எழும்பத்தான் விருப்பமில்ல" என்றாள்.

உடம்பிலிருந்து தொடங்கியது

எந்த மயக்கத்தையும் மனத்தின் கணக்கில் எழுதுவதற்கு முன்னர் உடம்பைப் பார்க்க வேண்டும். தாயாரும் நானும் அவளை மூதூர் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். வைத்தியர் வலிப்பு நோயைப் பற்றி விசாரித்தார்: விழும்போது நாக்கைக் கடித்தாளா, சிறுநீர் போனதா, எழுந்தபின் நெடுநேரம் குழம்பியிருந்தாளா, கண்கள் திறந்திருந்தனவா? எதுவும் இல்லை, கண்களை இறுக மூடியிருந்தாள் என்று வகுப்பாசிரியை முன்பே கவனித்துச் சொல்லியிருந்தார். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். அத்துடன் வைத்தியர் கேட்ட ஒரு சாதாரணக் கேள்வி, என் ஆறு வாரக் குறிப்புகளில் இல்லாத ஒன்றை வெளியே கொண்டுவந்தது: "காலையில என்ன குடிச்சிட்டுப் பள்ளிக்கூடம் போறீங்க?"

அவள் ஒன்றும் குடிப்பதில்லை. முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வாள். அவர்களுடைய காணியில் மலசலகூடம் அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. குழி வெட்டியிருந்தது, சுவர் எழவில்லை. இருட்டில் பற்றைக்குள் போக வேண்டும். பகலிலோ, அயலில் வீடு கட்டுபவர்கள் நடமாடினார்கள். பாடசாலையிலும் பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்குத் தண்ணீர் வாளியில் அள்ளிச் செல்ல வேண்டும். மாதவிலக்கு நாட்களில் அவள் பாடசாலைக்கே போகவில்லை; வரவுப் பதிவேட்டைப் பார்த்தபோது அந்த நாட்கள் மாதந்தோறும் ஒழுங்காகத் தெரிந்தன. வெறும் வயிறு, உலர்ந்த உடம்பு, இரத்தக் குறைவு, மூதூரின் காலை வெயில், அதற்கு மேல் உறக்கமில்லாத இரவு. இத்தனையுடன் நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது. பயத்தில் மூச்சு வேகமாகிறது. மூச்சு வேகமானால் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைந்து, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. விரல்கள் விறைக்கின்றன, தலை சுற்றுகிறது. விழுந்ததும் ஐம்பது பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். அடுத்த நாள் கூட்டத்துக்குப் போகும்போது, விழுந்துவிடுவேனோ என்ற பயமே மூச்சை வேகமாக்குகிறது.

ஆகவே எங்களுடைய முதலாவது உளசமூகத் தலையீடு ஒரு கடிதம். மலசலகூட வேலையை விரைவுபடுத்துமாறு கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குத் தாயார் எழுதினார். வேலை முடியும்வரை அடுத்த காணியிலுள்ள அத்தை வீட்டைப் பயன்படுத்த ஒழுங்கு செய்தோம். இதை உளவளத்துணை என்று சொல்லலாமா என்று எங்கள் கூட்டமொன்றில் ஒருவர் கேட்டார். அனர்த்த காலத்து உளசமூகப் பணிக்கென 2007இல் வெளியான சர்வதேச வழிகாட்டி நெறிகள், பணியை நான்கு அடுக்குள்ள கூம்பாக வரைகின்றன. அடியில் அடிப்படைத் தேவைகளும் பாதுகாப்பும், அதற்கு மேல் குடும்பமும் சமூகமும், அதற்கு மேல் குறித்த தேவையுடையோருக்கான ஆதரவு, உச்சியில் சிலருக்கு மட்டும் தேவைப்படும் விசேட சிகிச்சை. இந்தக் கூம்பை நாங்கள் எல்லோரும் பயிற்சிகளில் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நடைமுறையில் மூன்றாவது அடுக்கிலேயே ஏறி நின்றுகொண்டு கீழே பார்க்க மறந்துவிடுகிறோம்.

சத்தமில்லாத இரவு

உறக்கமின்மைக்கான காரணம் தற்செயலாகத் தெரிய வந்தது. ஒரு நாள் மாலை, கிணற்றடியில் அவளுக்குத் தண்ணீர் அள்ள உதவிக்கொண்டிருந்தபோது, முகாமில் உன் கொட்டிலின் அடுத்த பக்கம் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கினாள். ஷெல் வீச்சைச் சொல்லும்போது வராத கண்ணீர் அப்போது வந்தது.

அடுத்த பக்கத்தில் அவளுடைய தோழியின் குடும்பம் இருந்தது. இடையில் ஒரு தறப்பாள். இரு பிள்ளைகளும் அந்தத் தறப்பாளின் இருபுறமும் தலைவைத்துப் படுத்து, உறக்கம் வரும்வரை கதைப்பார்கள். தோழியின் தாத்தா இரவு முழுவதும் இருமுவார். அதற்கப்பால் ஒரு குழந்தை அழும், யாரோ வானொலி கேட்பார்கள், யாரோ சண்டை பிடிப்பார்கள். "அங்க ராவைக்கு எல்லாருட சத்தமும் கேக்கும் மிஸ். இஞ்ச ஒண்டும் கேக்காது." ஐந்து வயதிலிருந்து அவள் ஓசையில்லாத ஓர் இரவிலும் உறங்கியதில்லை. புதிய காணியிலோ வீடுகளுக்கிடையே தூரம் அதிகம். மின்சாரம் இன்னும் வரவில்லை. இருட்டும் காற்றும் மட்டும். தோழியின் குடும்பம் தாய்வழி உறவினரோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. அவர்களிடம் தொலைபேசி இருந்தது, இவர்களிடமும் இருந்தது, ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதை எடுத்துப் பேச அனுமதி இல்லை.

முகாம் நல்ல இடமாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. தகரக் கூரையின் வெக்கை, குழாயடிச் சண்டை, குடித்துவிட்டு வருவோர், பெண் பிள்ளைகள் இரவில் மலசலகூடத்துக்குப் போகும் பாதையில் இருந்த அச்சம், நிவாரணம் நிறுத்தப்பட்ட மாதங்கள், இவற்றையெல்லாம் அவளும் அறிவாள். ஆனாலும் அவளுக்குத் தெரிந்த ஒரே ஊர் அதுதான். பெரியவர்கள் பத்தாண்டு காத்திருந்து பெற்ற வெற்றி, அவளுக்கு ஓர் இடப்பெயர்வு. அதைச் சொல்ல அவளுக்கு இடமில்லை. சொன்னால் ஊரையே பழித்ததாகிவிடும். தாய் மண்ணைத் தொட்டு அழும்போது, எனக்கு முகாமுக்குப் போக வேண்டும் என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

வட இலங்கைப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. வகுப்பறையில் பதினைந்து அமர்வுகளாக நடத்தப்பட்ட அந்தத் திட்டம், பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைகளைக் குறைத்தது. ஆனால் மனவடுக் குறிகளிலும் பதகளிப்பிலும் கிடைத்த பயன், அப்போதைய வாழ்வில் போர்சார்ந்த அழுத்தங்கள் குறைவாக இருந்த பிள்ளைகளிடமே கூடுதலாகத் தென்பட்டது. இன்னும் கவலைக்குரிய ஒரு முடிவும் உண்டு: திட்டத்தில் பங்குபற்றிய பெண் பிள்ளைகளின் மனவடுக் குறிகள், பங்குபற்றக் காத்திருந்த பெண் பிள்ளைகளைவிடக் குறைவாகவே தணிந்தன. நல்லெண்ணத்தோடு செய்வதெல்லாம் நன்மையாகிவிடாது என்பதற்கு, நம் நாட்டுப் பிள்ளைகளிடமிருந்தே கிடைத்த சான்று அது. அதைப் படித்தும் நான் முதலில் 2006ஐப் பற்றித்தான் கேட்டேன்.

உறக்கத்துக்காகச் செய்தவை எளியவை. அத்தையின் மகள் சில மாதங்கள் இவர்களுடன் படுத்தாள். மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலி ஒன்றைத் தாய் வாங்கி, குறைந்த சத்தத்தில் இரவு முழுவதும் ஓடவிட்டார். வாரத்தில் இரண்டு நாட்கள், தாயின் முன்னிலையில், தோழியோடு தொலைபேசியில் பேச அனுமதி கிடைத்தது. அம்மம்மா ஒரு பூசாரியிடம் நூல் கட்டிவந்தார். நான் அதைத் தடுக்கவில்லை. "பத்து வருசம் மனிசர் மிதிக்காத மண்ணு, சும்மா விடுமா?" என்று அவர் கேட்டதில், அந்த இடம் தன் பேத்திக்குப் பொருந்தவில்லை என்ற சரியான அவதானம் இருந்தது. மாத்திரையை நிறுத்தக்கூடாது, பட்டினி போடக்கூடாது, அடிக்கக்கூடாது என்ற மூன்றை மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் மூன்றையும் காப்பாற்றினார்.

வகுப்பறையும் சனிக்கிழமையும்

வகுப்பாசிரியை மூதூர் நகரைச் சேர்ந்த முஸ்லிம் பெண். ஆசிரியப் பணிக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 2006 ஓகஸ்டில் அவருக்குப் பதின்மூன்று வயது. தன் தம்பியைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்தவர். இந்த நிகழ்வில் அதிகப் பயன் விளைவித்தவர் அவர்தான் என்பது என் மதிப்பீடு. மாணவி விழும்போது கூட்டம் சேர விடாமல், இரு தோழிகளை மட்டும் அருகில் நிறுத்தி, மெல்ல மூச்சை வெளிவிடச் சொல்லிக் கொடுப்பதற்கு அவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சியே போதுமாயிருந்தது. கூட்டத்தில் அவளை நிழல் விழும் ஓரத்தில் நிறுத்தினார். கால் தரையில் படுவதை உணர்ந்து, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லி எண்ணுவதை முழு வகுப்புக்குமே கற்பித்தார், அவளை மட்டும் தனியே காட்டாமல். ஒரு நாள் அவளிடம், "நானும் ஓடின ஆள்தான் மகள்" என்று மட்டும் சொன்னாராம். அதற்கு மேல் அவர் விரித்துரைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் அவருடைய மேசைக்குப் பக்கத்து வாங்கில் அமர்ந்தாள்.

அதே காலத்தில், முகாம்களிலிருந்து திரும்பிய ஏழு பெண் பிள்ளைகளைச் சேர்த்து, சனிக்கிழமைகளில் கோயில் மடத்தில் ஒரு குழுவைத் தொடங்கினோம். போரைப் பற்றிக் கேட்பதில்லை என்று முன்னரே முடிவு செய்திருந்தேன். முதல் வாரம், மணலில் குச்சியால் அவரவர் முகாமை வரையச் சொன்னோம். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. எந்த வரிசையில் எத்தனை கொட்டில், எந்தக் குழாயில் தண்ணீர் முதலில் வரும், எந்த வீட்டில் தொலைக்காட்சி இருந்தது, எந்த மரத்தில் ஊஞ்சல் கட்டியது என்று ஒருவரையொருவர் திருத்தினார்கள். அடுத்த வாரங்களில் அதைப் பழைய கலண்டர்த் தாள்களின் பின்புறத்தில் ஒட்டி ஒட்டிப் பெரிதாக வரைந்தார்கள். ஒரு பிள்ளை தன் முகாமின் ஒரு மூலையை மட்டும் வெறுமையாக விட்டாள். அதைப் பற்றி நாங்கள் குழுவில் எதுவும் கேட்கவில்லை. பின்னர் அவளாகவே தனியே வந்து பேசினாள், அது வேறொரு கோப்பு, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சட்டப்படி போக வேண்டிய கோப்பு. இம்முறை படங்கள் பிள்ளைகளிடமே இருந்தன. எட்டாம் வாரத்தில் அவர்கள் கேட்டுக்கொண்டபடி, புதிய ஊரையும் வரையத் தொடங்கினார்கள். அந்தத் தாளில் முதலில் கடலையும் காளி கோயிலையும் தவிர எதுவும் இருக்கவில்லை.

ஆண் பிள்ளைகளுக்கு இத்தகைய ஒரு குழுவை எங்களால் நடத்த முடியவில்லை. மாணவியின் அண்ணன் ஏற்கனவே படிப்பை விட்டுக் கடற்றொழிலுக்குப் போயிருந்தான். அவனுடைய வயதுப் பையன்கள் சனிக்கிழமைகளில் ஒன்று கடலில் இருந்தார்கள், அல்லது கூலி வேலையில் இருந்தார்கள். மூன்று தடவைகள் அவனைத் தேடிப் போனேன். ஒரு தடவை மட்டும் வலை பொத்திக்கொண்டே பத்து நிமிடம் பேசினான். இது இந்த ஆய்வின் பெரிய இடைவெளி.

பொட்டு

ஓகஸ்ட் மாதக் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினார்கள். மாணவி விழவில்லை. தாய் விழுந்தார். உடல் முழுவதும் நடுங்க, மகளையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டார் என்று அடுத்த நாள் அம்மம்மா சொன்னார். அதன்பின் மூன்று நாட்கள் தாய் உண்ணவில்லை. நான்காம் நாள் மகள் மறுபடியும் பாடசாலையில் மயங்கினாள்.

நான் தேடிய 2006 அந்த வீட்டில்தான் இருந்தது, ஆனால் மகளின் நினைவில் அல்ல, தாயின் உடம்பில். பதினோரு ஆண்டுகளாக எவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளைத்தான் கேட்டார்கள். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று விளக்கியது, போர் தனிமனிதரை மட்டுமல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் உறவுகளோடு சேர்த்துக் காயப்படுத்துகிறது என்பதைத்தான். மகளின் மூச்சு தாயின் முகத்தைப் பார்த்தே வேகமானது. தாயை மூதூர் வைத்தியசாலையின் மனநல சிகிச்சைக்கு அனுப்பி, அங்கிருந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு மாதமொரு தடவை போய்வர ஒழுங்கு செய்தோம். ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போனாலும், அவர் ஏழு மாதங்கள் தவறாமல் போனார். அவசரத்துக்கென 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும், பிள்ளைகளுக்கான 1929ஐயும் வீட்டுச் சுவரில் மாணவியே எழுதி ஒட்டினாள்.

சிகிச்சை தொடங்கிய பின்னர்தான் தாய் கணவரைப் பற்றிப் பேசினார். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிலும், மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும், 2013இல் அமைக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழுவிலும் பதிந்திருந்தார். எங்கிருந்தும் விடையில்லை. இறந்தவருக்குத் திதி உண்டு, உயிரோடிருப்பவருக்குக் காத்திருப்பு உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு இரண்டும் இல்லை. அவர் பொட்டு வைத்திருந்த நாட்களும் உண்டு, வைக்காத நாட்களும் உண்டு. "வைச்சா ஊர் கேக்குது, வைக்காட்டி புள்ள கேக்குது" என்றார். மகள் காலையில் எழுந்ததும் முதலில் தாயின் நெற்றியைப் பார்ப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதை அவள் அதில் வாசித்தாள். இதோடு, பதினெட்டு வயதாவதற்குள் அவளை யாருக்காவது பேசி வைத்துவிட வேண்டும் என்ற உறவினரின் நெருக்குதலும் சேர்ந்திருந்தது. சட்டம் அதை அனுமதிக்காது என்று சொல்வது எளிது, சொன்னேன். ஆனால் ஆண் துணையில்லாத வீடு என்ற தாயின் பயத்துக்குச் சட்டம் விடையாகவில்லை. அத்தையின் கணவர் பொறுப்பேற்று, படிப்பு முடியட்டும் என்று உறவினரிடம் சொன்ன பின்னரே அந்தப் பேச்சு நின்றது.

தாயும் பிள்ளைகளும் அம்மம்மாவும் ஒன்றாக அமர்ந்து தந்தையைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு தடவை, நவம்பர் மாதத்தில், சுமார் நாற்பது நிமிடங்கள். அண்ணனும் அன்று இருந்தான். அப்பா இறந்துவிட்டாரா என்பதை முடிவு செய்வதில்லை என்று முடிவு செய்தார்கள். அவருடைய பிறந்தநாளில் அவருக்குப் பிடித்த பாற்பிட்டு அவித்து நான்கு பேரும் உண்பது என்றும், பொட்டு அம்மாவின் விருப்பம், அதைப் பற்றி வீட்டில் எவரும் கேட்பதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். பாற்பிட்டு யோசனை அண்ணனுடையது.

கோப்பு மூடப்பட்டபோது

2018ஆம் ஆண்டில் மாணவி இரண்டு தடவைகள் மயங்கினாள். இரண்டும் ஓகஸ்ட் மாதத்தில், தாய் சுகவீனமுற்ற நாட்களில். வரவு கூடியது. மலசலகூடம் அந்த ஆண்டு மார்ச்சில்தான் கட்டி முடிந்தது. வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்கு இரு குடும்பங்களும் வந்தபோது தோழிகள் சந்தித்தார்கள். அந்தச் சந்திப்பு எதிர்பார்த்ததுபோல் அமையவில்லை என்றும், அந்தத் தோழிக்கு இப்போது வேறு தோழிகள் இருக்கிறார்கள் என்றும் சொல்லி, மாணவி ஒரு வாரம் பேசாமலிருந்தாள். இதற்கு நான் எதுவும் செய்யவில்லை. பதினாறு வயதில் இது எந்த ஊரிலும் நடக்கும். டிசெம்பரில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி, கணிதம் தவிர மற்றப் பாடங்களில் சித்தியடைந்தாள். கணிதத்தை மறுபடி எழுதினாள்.

எங்களுடைய பணிக்கான நிதி 2018 ஜூனில் முடிந்திருந்தது. அதன்பின் போனவை என் சொந்த விடுமுறை நாட்களில் போனவை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் தேவைப்படும் இடத்தில், திட்டங்கள் ஆறு மாதமும் ஓராண்டுமாக வந்துபோவது மிகவும் பிழை என்று சொல்கிறேன். எஞ்சியது அந்த ஆசிரியை. அவரையும் இடமாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியபோது தாய் மறுபடியும் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். கண் தெளிவாகத் தெரியாததால் படிவத்தை மகளே நிரப்பினாள். கோப்பில் உள்ள பிரதியில், கடைசியாகக் காணப்பட்ட இடம் என்ற கட்டத்தில் வாகரை என்றும், விண்ணப்பதாரரின் உறவுமுறை என்ற கட்டத்தில் முதலில் மகள் என்று எழுதி, அதை ஒற்றைக் கோட்டால் வெட்டி, மனைவி என்றும் எழுதியிருக்கிறாள். வெட்டிய சொல் இன்னும் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.